ஒரு மீட்டர் கறுப்புக் கோடு: குரோமியமும் பிளாட்டினமும் ஒரே பாறையில் சேர்ந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



இன்னைக்கு ரெண்டு பொருளை வெச்சு ஆரம்பிக்கலாம். ஒண்ணு, உங்க சமையலறையில இருக்கிற எவர்சில்வர் டம்ளர். இன்னொண்ணு, வாசல்ல நிக்கிற காரோட புகைக் குழாய்ல இருக்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர்.

டம்ளர் துருப்பிடிக்காம இருக்கக் காரணம் குரோமியம். இரும்போட பத்து சதவீதத்துக்கு மேல குரோமியம் கலந்தா, மேல்பரப்புல கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் உருவாகும். கீறல் விழுந்தாலும் அது தானா திரும்ப வந்துடும். 1913ல இங்கிலாந்தோட ஷெஃபீல்டு நகரத்துல ஹாரி பிரேர்லி இதைக் கண்டுபிடிச்சார். கன்வர்ட்டருக்குள்ள இருக்கிறது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். புகையில இருக்கிற நச்சு வாயுக்களை மாத்தி வெளியே விடுறது இந்த உலோகங்களோட வேலை.

இந்த ரெண்டு பொருளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். ஆனா ரெண்டுக்கும் தேவையான உலோகம் ஒரே பாறை அடுக்குல இருந்து வர முடியும். தென்னாப்பிரிக்காவுல பூமிக்கு அடியில நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுற ஒரு கறுப்பு அடுக்கு. தடிமன் சராசரியா ஒரு மீட்டரைச் சுத்தி. பேரு யூஜி-2.

அந்த அடுக்கு எப்படி உருவாச்சு? நூறு வருஷமா புவியியலாளர்கள் இதுக்கு பதில் சொல்லிக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொரு பதிலும் கொஞ்ச நாள் நிக்குது, அப்புறம் பாறையே வந்து "இல்லப்பா"ன்னு சொல்லிடுது. அந்தச் சண்டையோட வரலாறுதான் இன்னைக்கு எபிசோட்.

ஒரு விவசாயி, ஒரு காய்ந்த ஓடை

இடம் புஷ்வெல்ட். தென்னாப்பிரிக்காவோட வடபகுதி. சுமார் 205 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமியோட ஆழத்துல இருந்து ஏராளமான மேக்மா மேல வந்து, வெளியே எரிமலையா வெடிக்காம, மேலோட்டுக்குள்ளேயே பரவித் தங்கிடுச்சு. உள்ளேயே மெதுவா ஆறினதால, கேக் மாதிரி அடுக்கு அடுக்கா உறைஞ்சுது. ஏழிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தடிமன். உலகத்துலயே இந்த வகையில இதுதான் பெருசு. உலகத்தோட பிளாட்டின இருப்புல முக்கால்வாசிக்கும் மேல இங்கதான் இருக்கு.

இங்க குரோமைட் இருக்குன்னு ஏற்கெனவே தெரியும். குரோமியம் எடுக்க நமக்கு இருக்கிற ஒரே தாது குரோமைட்தான். இரும்பு, குரோமியம், ஆக்சிஜன் மூணும் சேர்ந்த கறுப்புக் கனிமம். 1900களோட தொடக்கத்துலயே இந்தக் குரோமைட் பாறையில பிளாட்டினத்தோட தடயம் இருக்குன்னும் பதிவாகியிருந்தது. ஆனா காசு பண்ற அளவுக்கு இருக்கும்னு யாரும் நினைக்கலை.

1924ல கிழக்கு புஷ்வெல்ட்ல ஆண்ட்ரீஸ் லொம்பார்ட்னு ஒரு விவசாயி, காய்ந்த ஓடை மணலை அலசிப் பார்க்கும்போது வெள்ளையா மின்னுற உலோகத் துகள்களைப் பார்த்தார். அதை ஹான்ஸ் மெரென்ஸ்கிங்கிற புவியியலாளருக்கு அனுப்பினார். மெரென்ஸ்கி ஒரு ஜெர்மன் மதபோதகரோட மகன், பிறந்தது தென்னாப்பிரிக்காவுலேயே. அவர் துகள்களோட நிக்கலை. ஓடை மணல்ல இருக்குன்னா அது எங்கேயோ ஒரு பாறையில இருந்துதானே கழண்டு வந்திருக்கணும்? மேல மேல தேடிப் போய், பிளாட்டினம் இருக்கிற அடுக்கையே கண்டுபிடிச்சார். இன்னைக்கும் அதுக்கு மெரென்ஸ்கி ரீஃப்னுதான் பேரு.

அந்த ரீஃப்ல ஒரு விஷயம் கவனிக்கணும். அதோட கீழேயும் மேலேயும் மெல்லிய நூல் மாதிரி குரோமைட் கோடு ஓடும். பிளாட்டினம் அதிகமா இருக்கிறது பெரும்பாலும் அந்த நூலை ஒட்டித்தான். குரோமைட்டும் பிளாட்டினமும் ஏன் இப்படிச் சேர்ந்தே இருக்கு? இந்தக் கேள்வி அன்னைக்கே பிறந்துடுச்சு.

மெரென்ஸ்கி ரீஃபுக்குக் கீழே இருக்கிறதுதான் நம்ம யூஜி-2. சில இடத்துல இருபது மீட்டர் கீழே, சில இடத்துல நானூறு மீட்டர் கீழே. இது நூல் இல்லை, கிட்டத்தட்ட முழுக்கக் குரோமைட். இதை ரொம்ப நாளா யாரும் தோண்டலை, ஏன்னா உலையில குரோமியம் பெரிய தலைவலி. சீக்கிரம் உருகாது, அடியில படிஞ்சு அடைச்சுக்கும். 1970களுக்கு அப்புறம் அந்தத் தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்க்க ஆரம்பிச்சாங்க. அதே காலத்துல அமெரிக்காவுல 1975 மாடல் கார்கள்ல இருந்து கன்வர்ட்டர் வந்துடுச்சு, பிளாட்டினத்துக்குத் தேவை எகிறிடுச்சு. யூஜி-2 முக்கியமான சுரங்க அடுக்கா மாறிச்சு.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

இந்த அடுக்குல அப்படி என்ன புதிர்னு கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு போடலாம். பேப்பர் வேண்டாம், கூடவே வாங்க.

யூஜி-2ல ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தடிமன்ல ஒரு கட்டியை வெட்டுறோம். எடை சுமார் 4.2 டன். அதுல ஐந்துல ஒரு பங்கு குரோமியம்னு வெச்சுக்கலாம். 840 கிலோ.

இப்போ மேக்மாவுக்கு வருவோம். புஷ்வெல்டுக்குள்ள வந்த மேக்மாவுல குரோமியம் அதிகமா இருந்த வகையையே எடுத்துக்கிட்டாலும், பத்து லட்சத்துல ஆயிரம் பங்குதான். அதாவது 0.1 சதவீதம். ஒரு கன மீட்டர் மேக்மா 2.7 டன்னுன்னா, அதுல குரோமியம் 2.7 கிலோ. அதுல பாதியைக் கழட்டிக் கொடுத்துடுச்சுன்னு தாராளமா வெச்சுக்கலாம். 1.35 கிலோ.

840ஐ 1.35ஆல வகுத்தா 622. ஒரு மீட்டர் அடுக்கு வேணும்னா, அதுக்கு மேல 600 மீட்டருக்கும் அதிக உயரத்துக்கு மேக்மா நின்னு, தன்கிட்ட இருக்கிற குரோமியத்துல பாதியை இந்த ஒரு அடுக்குக்காகக் கொடுத்திருக்கணும். இது ஒரே ஒரு அடுக்குக்கு. புஷ்வெல்ட்ல இந்த மாதிரி முக்கியமான குரோமைட் அடுக்குகள் குறைஞ்சது பதிமூணு இருக்கு. கீழ்க் குழுவுல ஏழு, நடுக் குழுவுல நாலு, மேல்க் குழுவுல ரெண்டு. யூஜி-2ங்கிற பேரே அதுதான்: மேல்க் குழுவுல ரெண்டாவது.

இது அளவு சம்பந்தப்பட்ட புதிர். இதை விடப் பெருசு இன்னொண்ணு. சாதாரணமா இப்படிப்பட்ட மேக்மா ஆறும்போது ஆலிவினோ பைராக்சீனோ கூடவே வரும். ரெண்டும் மக்னீசியம், சிலிக்கா சேர்ந்த கனிமங்கள். ஆலிவினும் குரோமைட்டும் சேர்ந்து படிகமானா, நூறு கிராமுக்கு ஒண்ணு ரெண்டு கிராம்தான் குரோமைட் வரும். பிரியாணியில கிராம்பு மாதிரி. ஆனா இங்க பார்த்தா பாத்திரம் முழுக்கக் கிராம்பு மட்டும் இருக்கு.

அப்போ, குரோமைட் எப்படி வந்துச்சுங்கிறது சுலபமான பாதி. கூட வர வேண்டிய மத்ததெல்லாம் ஏன் வரலைங்கிறதுதான் கஷ்டமான பாதி. புரோகிராம் எழுதுறவங்களுக்கு இந்த உணர்வு தெரியும். ஸ்கிரீன்ல வந்த எர்ரர் மெசேஜ் பிரச்சினை இல்லை. அதுக்கு முன்னாடி வந்திருக்க வேண்டிய நூறு வரி எங்க போச்சுங்கிறதுதான் பிரச்சினை.

முதல் பதில்: கனமானது கீழ போகும்

1915 வாக்குல நார்மன் போவன் ஆய்வகத்துல பாறையை உருக்கிப் பார்த்தார். உருகின குழம்புல வர்ற படிகங்கள் எடைக்குத் தகுந்த மாதிரி மூழ்குது, சிலது மிதக்குதுன்னு காட்டினார். பாத்திரத்துல வண்டல் படியிற மாதிரி. இந்த யோசனையைப் பெரிய அளவுல வளர்த்தவர் லாரன்ஸ் வேகர். 1930ல கிரீன்லாந்துக் கடற்கரையில ஸ்கேர்கார்ட்ங்கிற அடுக்குப் பாறையைப் பார்த்துட்டு, வாழ்க்கை முழுக்க அதோடேயே இருந்தவர். நடுவுல 1933ல எவரெஸ்ட்டுல ஆக்சிஜன் இல்லாம 8,500 மீட்டருக்கு மேல ஏறிட்டும் வந்தார். அது தனிக் கதை. அடுக்குப் பாறைன்னா படிகங்கள் மேல இருந்து விழுந்து குவிஞ்சதுங்கிற பார்வை அவரோட காலத்துல பாடமாவே ஆயிடுச்சு.

குரோமைட்டுக்கு இது பொருந்துற மாதிரித்தான் தெரியும். ஆலிவினை விட அது கனம். அப்போ மத்ததை முந்திக்கிட்டு அடியில போய்ச் சேர்ந்திருக்கும், இல்லையா?

சிக்கல் அளவுல இருக்கு. குரோமைட் மணிகள் பொடி மணல் மாதிரி, பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. ஆலிவின் படிகம் அதை விடப் பல மடங்கு பெருசு. பிசுபிசுப்பான குழம்புல சின்னது மெதுவாத்தான் இறங்கும். அதனால கனம்ங்கிற ஒரே காரணம் போதாது.

இந்த யோசனை செத்துப் போகலை. 2013ல வொல்ஃப்காங் மையரும் அவரோட சக ஆய்வாளர்களும் வேற வடிவத்துல இதைக் கொண்டு வந்தாங்க. மேக்மா அறையோட நடுப்பகுதி பாரம் தாங்காம அமுங்குது. பாதி உறைஞ்ச கூழ் ஓரத்துல இருந்து நடுவுக்குச் சரியுது. சரியும்போதே சின்னது தனியா, பெருசு தனியா பிரியுது. முறத்துல புடைக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

ரெண்டே வருஷத்துல மனசு மாறினவர்

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆள் நீல் இர்வின். கனடாவோட வடகோடியில மஸ்காக்ஸ்னு ஒரு அடுக்குப் பாறை. 1960கள்ல அங்க ஆழ்துளை போட்டு எடுத்த பாறைத் துண்டுகளை அவர் ஆராய்ச்சி பண்ணார். அதுல மெல்லிசா குரோமைட் அடுக்குகள் இருந்துச்சு.

1975ல அவர் ஒரு பதில் சொன்னார். மேக்மா மேலோட்டுக்குள்ள இருக்கும்போது கூரையில இருக்கிற சிலிக்கா நிறைஞ்ச பாறை உருகி உள்ள விழுது. சிலிக்கா கூடினதும் மேக்மாவோட வேதியியல் இடம் மாறி, குரோமைட் மட்டும் படிகமாகிற பகுதிக்குள்ள தள்ளப்படுது. அங்க இருக்கிற வரைக்கும் ஆலிவின் வாயைத் திறக்காது.

"கூட வர வேண்டியது ஏன் வரலை"ங்கிற கேள்விக்கு இது நேரடியான பதில். ஆனா 1977ல இர்வினே இன்னொரு பேப்பர் எழுதினார். முந்தின விளக்கத்தை விட இது நல்ல விளக்கம்னு சொல்லி: கூரைப் பாறை தேவையில்லை, ரெண்டு மேக்மா கலந்தாலே போதும்.

இதைப் புரிஞ்சுக்கக் கொல்லிமலைக்குப் போகணும். எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோடு. ஆலிவினும் குரோமைட்டும் சேர்ந்து படிகமாகிற பாதை அந்த மாதிரி வளைஞ்ச ரோடுன்னு நினைச்சுக்கோங்க. மேக்மா ஆற ஆற அந்த ரோட்டுலேயே இறங்கி வரும். வளைவோட மேல் பக்கம் ஒருத்தர் நிக்கிறார்: ஆழத்துல இருந்து இப்போதான் வந்த புது மேக்மா. கீழ்ப் பக்கம் இன்னொருத்தர்: ஏற்கெனவே அறையில கொஞ்சம் ஆறின பழைய மேக்மா. ரெண்டு பேரும் ரோட்டுல தான் நிக்கிறாங்க. இப்போ ரெண்டு பேர் கையிலயும் ஒரு கயிறைக் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க. கயிறோட நடுப்பகுதி ரோட்டுக்கு மேல இருக்காது. வளைவுக்கு உட்பக்கம் இருக்கிற புதருக்கு மேல இருக்கும்.

ரெண்டு மேக்மா கலந்தா, கலவை அந்தக் கயிறு மேல எங்கேயோ இருக்கும். அந்தப் புதர்தான் குரோமைட் மட்டும் வர்ற பகுதி. கலவை திரும்ப ரோட்டுக்கு வர்ற வரைக்கும் குரோமைட்டை மட்டுமே கக்கிக்கிட்டு இருக்கும். புது மேக்மா உள்ள வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரு கறுப்பு அடுக்கு. ஏன் பதிமூணு அடுக்குங்கிறதுக்கும் இதுலயே பதில் இருக்கு.

அடுத்த பல வருஷத்துக்குப் பாடப் புத்தகங்கள்ல இதுதான் முதன்மையான விளக்கம். ஆனா 1975ஓட பதிலும் திரும்பி வந்துச்சு. 2002ல ஜூடித் கின்னேர்டும் சக ஆய்வாளர்களும் புஷ்வெல்ட் குரோமைட் அடுக்குகள்ல ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்புகளை அளந்தாங்க. ஐசோடோப் விகிதம் பாறைக்கு ஒரு கைரேகை மாதிரி. குரோமைட் அடுக்குக்குள்ள இருந்த கைரேகை, மேலயும் கீழயும் இருந்த பாறையோடதுல இருந்து மாறியிருந்தது. மேலோட்டுப் பாறையோட கலப்பு அந்த நேரத்துல நடந்திருக்குன்னு காட்டுற மாதிரி. இர்வின் கைவிட்ட யோசனையை அவருக்கு அப்புறம் வந்தவங்க கையில எடுத்தாங்க.

குக்கர் விளக்கம்

மூணாவது வழி அழுத்தம். யூஜீன் கேமரூன் 1970களோட கடைசியிலயும் 80களோட தொடக்கத்துலயும் இதை முன்வெச்சார். ஒரு அடுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே மாதிரி இருக்கணும்னா, காரணமும் அறை முழுக்க ஒரே நேரத்துல நடக்கிற ஒண்ணா இருக்கணும். கலப்பு ஒரு மூலையில ஆரம்பிச்சுப் பரவும். அழுத்தம் மாறினா எல்லா இடத்துலயும் உடனே தெரியும்.

2018ல ஜோகன்னஸ்பர்க்ல இருக்கிற விட்ஸ் பல்கலைக்கழகத்தோட ரைஸ் லாட்டிபோவ் குழு இதை வேற பக்கம் திருப்பிச்சு. அறைக்குள்ள அழுத்தம் மாறணும்னு அவசியம் இல்லை. மேக்மா ஆழத்துல இருந்து மேல ஏறும்போதே அழுத்தம் குறையுதே, அது போதும்னு சொன்னாங்க. குக்கர்ல அழுத்தம் கூடினா தண்ணி கொதிக்கிற வெப்பநிலை கூடும்னு நமக்குத் தெரியும். அதே மாதிரி, அழுத்தம் கூடினா பைராக்சீன், ஆலிவின் மாதிரிக் கனிமங்கள் உறையுற வெப்பநிலையும் கூடும். குறைஞ்சா அதுவும் குறையும். குரோமைட்டுக்கு அந்தச் சரிவு அவ்வளவு இல்லை. அதனால மேக்மா மேல ஏற ஏற, மத்த கனிமங்களுக்கு "இன்னும் உறையுற அளவுக்கு ஆறலை"ங்கிற நிலைமை வரும், குரோமைட்டுக்கு மட்டும் வரிசை திறக்கும். அறைக்குள்ள வந்து சேரும்போது அது குரோமைட் மட்டும் தர்ற மேக்மா.

இதே குழு சுரங்கத்துக்குள்ள காட்டின இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாப் படுது. மெரென்ஸ்கி ரீஃப்ல அங்கங்க குழி மாதிரி இறக்கங்கள் இருக்கும். பாட்ஹோல்னு சொல்லுவாங்க, நம்ம ரோட்டுல இருக்கிற அதே பேருதான். அந்தக் குழியோட செங்குத்தான சுவர்லயும், உள்பக்கம் குடைஞ்சு மேல தொங்குற பாறையோட அடிப்பக்கத்துலயும் குரோமைட் ஒட்டியிருக்கு. மேல இருந்து விழுந்த மணல் கூரையோட அடியில ஒட்டாது. அப்போ அந்தக் குரோமைட் அங்கேயே, அந்தச் சுவர் மேலயே வளர்ந்திருக்கணும். வண்டல் கதைக்கு இது பெரிய அடி.

பிளாட்டினம் எங்க இருந்து வந்துச்சு?

பிளாட்டினத்துக்குப் பிடிச்ச துணை கந்தகம். மேக்மாவுல கந்தகம் அளவுக்கு மீறினா, சல்ஃபைடு துளிகளாப் பிரியும். ரசத்துல எண்ணெய் பிரிஞ்சு நிக்கிற மாதிரி. ஒரே வித்தியாசம், இந்தத் துளி கனமானது, கீழ போகும். மேக்மாவுல இருக்கிற பிளாட்டினம் எல்லாம் அந்தத் துளிக்குள்ள ஓடி வந்துடும். 1979ல இயன் கேம்பலும் ஆண்டனி நால்ட்ரெட்டும் ஒரு எளிமையான விஷயம் சொன்னாங்க: துளி எவ்வளவு மேக்மாவைச் சந்திக்குதுங்கிறதைப் பொறுத்துத்தான் அதுல எவ்வளவு பிளாட்டினம் சேரும். ஒரு துளி நிறைய புது மேக்மாவுல உருண்டு புரண்டா, பணக்காரத் துளி. நாம போட்ட 622 மீட்டர் கணக்கை இங்க ஞாபகப்படுத்திக்கோங்க. அவ்வளவு மேக்மா கடந்து போன இடத்துல பிளாட்டினமும் சேர்றதுல ஆச்சரியம் இல்லை.

ஆனா யூஜி-2ல கந்தகம் ரொம்பக் கம்மி. 1988ல நால்ட்ரெட்டும் லேமனும் சொன்ன விளக்கம்: குரோமைட் ஆறும்போது சல்ஃபைடுல இருக்கிற இரும்பை உறிஞ்சிக்கும், கந்தகம் வெளியே போயிடும், பிளாட்டினம் மட்டும் அங்கேயே தங்கும். 2008ல ஜேம்ஸ் பிரெனன் இடம்பெற்ற குழு ஆய்வகத்துல இன்னொண்ணு காட்டிச்சு. குரோமைட் வளரும்போது தன்னைச் சுத்தி இருக்கிற மேக்மாவுல ஆக்சிஜன் நிலையை மாத்துது. அந்த மெல்லிய வட்டத்துக்குள்ள ருத்தேனியம், இரிடியம் மாதிரிப் பிளாட்டினக் குழு உலோகங்கள் கரைஞ்சு இருக்க முடியாம படிஞ்சிடும். குரோமைட் மணிக்குள்ளேயே இந்த மாதிரித் துணுக்குகள் சிக்கியிருக்கிறதை நுண்ணோக்கியில பார்க்கலாம்.

எப்படிப் பார்த்தாலும் குரோமைட் சும்மா பக்கத்துல நின்ன சாட்சி இல்லை. பிளாட்டினத்தைப் பிடிச்சு வெச்சதுல அதுக்கும் கை இருக்கு. அப்படிப் பிடிச்ச பிறகும் யூஜி-2ல ஒரு டன் பாறைக்கு நாலு முதல் ஆறு கிராம்தான் இருக்கு. ஒரு கார் கன்வர்ட்டருக்கு சில கிராம் வேணும். ஒரு காருக்குத் தோராயமா ஒரு டன் பாறைன்னு வெச்சுக்கோங்க. பிளாட்டினம் எடுத்த பிறகு மிஞ்சுற கழிவுல இருந்து குரோமைட்டைப் பிரிச்சு எவர்சில்வர் ஆலைகளுக்கு அனுப்புறாங்க. டம்ளரும் காரும் சந்திக்கிற இடம் அதுதான்.

நடுவுல எழுதப்பட்ட வரி

இதுவரைக்கும் பார்த்த விளக்கங்களுக்குப் பின்னாடி ஒரு பொது நம்பிக்கை இருந்துச்சு. அடுக்குப் பாறை ஒரு லாக் ஃபைல் மாதிரி. கீழ இருக்கிறது பழசு, மேல இருக்கிறது புதுசு. கடைசியிலதான் புது வரி சேரும், நடுவுல யாரும் கை வைக்க மாட்டாங்க.

2016ல ஜேம்ஸ் மங்காலும் சக ஆய்வாளர்களும் சிர்கான் படிகங்களை வெச்சு அடுக்குகளோட வயசை மிக நுட்பமா அளந்தாங்க. யுரேனியம் ஈயமா மாறுற வேகம்தான் இதுல கடிகாரம். வந்த முடிவு: சில கீழ் அடுக்குகள், தனக்கு மேல இருக்கிற அடுக்கை விட இளசு. ஏற்கெனவே இருந்த பாறைக்கு இடையில புது மேக்மா தகடு மாதிரி சொருகிக்கிட்டு உறைஞ்சிருக்குன்னு அவங்க வாதம். அப்போ ஒரு பெரிய அறை, அதுல மெதுவா படிஞ்ச வண்டல்ங்கிற படமே ஆட்டம் காணுது. இதை லாட்டிபோவ் தரப்பு ஏத்துக்கலை. பெரிய மேக்மா அறை இருந்தது உண்மைதான்னு அவங்க இன்னும் வாதாடுறாங்க. சண்டை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

எனக்கு இதுல தெரியுறது இதுதான். ஐசோடோப், அழுத்தம், கலப்பு, முறம்னு எல்லா விளக்கமும் ஒரு இடத்துல ஒண்ணு சேருது. ஒரே அறையில ஒரே மேக்மா அமைதியா ஆறியிருந்தா இந்தக் கறுப்புக் கோடு வந்திருக்காது. ஏதோ ஒண்ணு உள்ள வந்து கலைச்சிருக்கணும். இன்னைக்கு நடக்கிற வாதம், கலைச்சது எதுங்கிறதுலதான்.

நாமக்கல் பக்கம்

இதைப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவுக்குப் போகணும்னு இல்லை. நாமக்கல் மாவட்டத்துல சித்தம்பூண்டி. வெள்ளை அனார்த்தோசைட் பாறை, நடுவுல கறுப்புக் குரோமைட் அடுக்கு. 1956ல ஏ.பி.சுப்ரமணியம் இதைப் பத்தி அமெரிக்கப் புவியியல் சங்கத்தோட புல்லட்டின்ல விரிவா எழுதினார். அப்போ அது மெட்ராஸ் ஸ்டேட், சேலம் மாவட்டம். சுமார் 250 கோடி வருஷப் பழசு, புஷ்வெல்டை விட மூத்தது. சந்திரயான்-2க்காக இஸ்ரோ நிலா மண் மாதிரி ஒண்ணைத் தயாரிச்சப்போ பாறை எடுத்தது இந்தப் பக்கத்துல இருந்துதான்.

இங்க இருக்கிற குரோமைட்லயும் பிளாட்டினக் குழு உலோகங்கள் இருக்கிறது ஆய்வுகள்ல பதிவாகியிருக்கு. ஆனா இந்தப் பாறை உருவான பிறகு பூமிக்குள்ள கடுமையா சூடாகி, நசுங்கி, மாறிடுச்சு. குரோமைட்ல குரோமியம் கம்மி, அலுமினியமும் இரும்பும் அதிகம். அதே மாதிரிக் கறுப்புக் கோடுதான், ஆனா அது மேல ஒரு புஷ்வெல்ட் எழும்பலை.

அந்த ஒரு மீட்டர்

கடைசியா, இந்த விஷயம் எனக்கு ஏன் வெறும் பாறைப் புதிரா முடியலைன்னு சொல்றேன்.

யூஜி-2 ஒரு மீட்டர்னா, அதைத் தோண்டுற இடமும் பெரும்பாலும் அதைச் சுத்தித்தான் இருக்கும். மேலயும் கீழயும் இருக்கிற வெத்துப் பாறையை எவ்வளவு வெட்டுறாங்களோ, டன்னுக்கு இவ்வளவு கிராம்ங்கிற கணக்கு அவ்வளவு குறையும். கம்பெனிக்கு நஷ்டம். அதனால துளை போடுற தொழிலாளி நிமிர்ந்து நிக்க முடியாது. குனிஞ்சு, உட்கார்ந்து, சாஞ்சு, அதிர்ற துளை இயந்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு வேலை பார்க்கணும். பாட்ஹோல் வந்தா அடுக்கே திடீர்னு காணாம போகும், திட்டமெல்லாம் மாறும். 205 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு கலப்பு எவ்வளவு நேரம் நீடிச்சுதுங்கிறது, இன்னைக்கு ஒரு மனுஷன் எவ்வளவு குனியணும்னு முடிவு பண்ணியிருக்கு.

2012 ஆகஸ்ட்ல புஷ்வெல்டோட மேற்குப் பகுதியில மரிக்கானாங்கிற பிளாட்டினச் சுரங்கத்துல வேலைநிறுத்தம் நடந்துச்சு. முன்னால நின்னவங்க இந்தத் துளை போடுற தொழிலாளிகள். மாசம் 12,500 ராண்ட் சம்பளம் வேணும்னு கேட்டாங்க. ஆகஸ்ட் 16 அன்னைக்குப் போலீஸ் சுட்டதுல 34 பேர் செத்தாங்க. நிறவெறி ஆட்சி முடிஞ்ச பிறகு அந்த நாட்டுல போலீஸ் நடத்துன மிக மோசமான துப்பாக்கிச் சூடு அது.

மேக்மா எப்படிக் கலந்துச்சுங்கிறதுக்கும் போலீஸ் ஏன் சுட்டுச்சுங்கிறதுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அப்படி ஒரு கோடு போட நான் விரும்பலை. சம்பளத்தை முடிவு பண்றது பாறை இல்லை, மனுஷங்க. ஆனா அந்த அடுக்கைப் பத்தி எழுதப்பட்ட பல பேப்பர்களுக்கு மாதிரித் துண்டு வெட்டிக் கொடுத்தது அந்தச் சுரங்கங்கள்தான். கூரையோட அடியில ஒட்டியிருந்த குரோமைட்டை ஆராய்ச்சியாளர் பார்த்ததே, யாரோ ஒருத்தர் குனிஞ்சு அந்த இடத்தைக் குடைஞ்சதாலதான்.

அடுத்த தடவை டம்ளர்ல காபி குடிக்கும்போது இதுல ஏதாவது ஒண்ணு ஞாபகம் வந்தா சந்தோஷம். சேலம், நாமக்கல் பக்கம் இருக்கிறவங்க சித்தம்பூண்டிப் பாறையை நேர்ல பார்த்திருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.